ஹார்ட் டிஸ்க் பாகப்பிரிவினை: லினக்ஸுக்கு எவ்வளவு, எங்கே?

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வேலந்தாவளம், எருத்தேன்பதி, கோபாலபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு தமிழ். பில் புத்தகம் மலையாளத்தில் அச்சடித்தது, கடைக்கு வருகிறவர்கள் பேசுவது கொங்குத் தமிழ், ரேமும் எஸ்எஸ்டியும் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்.

விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு மென்பொருள்தான் லினக்ஸ். இந்தப் பக்கத்தில் அது யாருக்கும் புதுசு இல்லை. கேரள அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. முன்பு ஐடி அட் ஸ்கூல் என்று இருந்த திட்டம், இப்போது கைட் என்ற பெயரில், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ஒன்றைப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. தமிழ் மீடியத்துப் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் 11 ஏறாது. அதனால் "பள்ளிக்கூடத்துல இருக்கறதையே போட்டுக் குடுத்துருங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சில பேர் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை மட்டும் வாங்கிப்போய் வீட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

போடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் நடுவில் ஒரு திரை வரும்: டிஸ்கை எப்படிப் பிரிக்க வேண்டும், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு? அங்கேதான் நின்றுபோய் எனக்கு போன் அடிப்பார்கள். அந்த ஒரு திரைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைவாகப் பிரியுங்கள். லினக்ஸே குடியிருக்கும் பாகமான ரூட்டுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்க் பெரிதாக இருந்தால் கொஞ்சம் இடத்தை யார் பேருக்கும் எழுதாமல் விட்டு வையுங்கள். எங்கள் ஊரில் தோப்பைப் பாகம் பிரிக்கும்போது கிணறு யார் பாகத்தில் விழுகிறது என்பதில்தான் சண்டை வரும். லினக்ஸில் அந்தக் கிணறு ரூட். எல்லாரும் அதில்தான் இறைக்கிறார்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்கள் வேண்டும்: டிஸ்கின் மொத்த அளவு, ரேம் எவ்வளவு, உங்கள் சொந்த ஃபைல்கள் இப்போது எவ்வளவு இடம் பிடிக்கின்றன, வருடத்துக்கு எவ்வளவு சேரும்.

மொத்த அளவில் ஒரு குழப்பம் உண்டு. பெட்டியில் 500 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்தால் 465 என்று காட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்னிடமே இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 240 ஜிபி எஸ்எஸ்டி 223 ஆகும், ஒரு டிபி டிஸ்க் 931 ஆகும். லினக்ஸ் கருவிகளிலும் சில இப்படி எண்ணும், சில அப்படி எண்ணும். அதனால் நீங்கள் 60 என்று அடித்தது இன்னோர் இடத்தில் 64 என்றோ 56 என்றோ தெரிந்தால் பதற வேண்டாம். கீழே நான் சொல்லும் அளவுகள் 1024 கணக்கு.

சொந்த ஃபைல்களை அளப்பது எளிது. விண்டோஸில் படங்கள், வீடியோக்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் போதும். வருடக் கணக்குதான் ஆட்களுக்குத் தப்பிப்போகும். போனில் 4கே வீடியோ எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே 200, 300 எம்பி ஓடிவிடும். பேத்திக்குக் காது குத்து, அப்புறம் மாரியம்மன் நோம்பி, அப்புறம் ஒரு கல்யாணம் என்று மூன்று விசேஷம் வந்தால் 100 ஜிபி காலி. கடிதமும் கணக்கும் அடிக்கிறவருக்கு 5 ஜிபி பத்து வருடம் தாங்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். யாரோ சொன்ன அளவை அப்படியே போடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பாகம் எதற்கு

விண்டோஸில் பழகியவர்கள் சி, டி, ஈ என்று டிரைவ்களைத் தேடுவார்கள். லினக்ஸில் எழுத்து கிடையாது. எல்லாம் ஒரே மரம். அதன் அடிவேர்தான் ரூட், ஒரு சாய்கோடு மட்டும் போட்டுக் குறிப்பார்கள். வேறு பாகம் ஒன்றை உண்டாக்கினால் அது இந்த மரத்தில் ஏதோ ஒரு கிளையாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் இடத்துக்கு மவுன்ட் பாயின்ட் என்று பெயர். நீங்கள் எந்த ஃபோல்டருக்கும் தனிப் பாகம் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுக்காவிட்டால் அது ரூட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை நான்கே நான்கு.

ஈஎஃப்ஐ பாகம்: கம்ப்யூட்டர் எழும்போது முதலில் எட்டிப்பார்க்கும் இடம். ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். புதிதாக உண்டாக்கினால் 1 ஜிபி கொடுத்துவிடுங்கள், அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் ஈஎஃப்ஐ பாகத்தையே லினக்ஸும் பயன்படுத்திக்கொள்ளும். அது 100 எம்பிதான் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், உபுண்டுவுக்கும், மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்கும் அதில் சில எம்பி போதும். ஆனால் தப்பித் தவறி அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். செய்தால் விண்டோஸ் எழாது.

ரொம்பப் பழைய பெட்டியாக இருந்தால் கம்ப்யூட்டரை எழுப்பும் புதிய நிரலான யூஇஎஃப்ஐக்குப் பதிலாகப் பழைய பயாஸ் இருக்கும், டிஸ்கிலும் பாகங்களைக் குறித்து வைக்கும் எம்பிஆர் என்ற பழைய அட்டவணை இருக்கும். அதில் முதன்மைப் பாகங்கள் நான்குக்கு மேல் போட முடியாது, 2 டிபிக்கு மேல் டிஸ்கைப் பயன்படுத்தவும் முடியாது. புதிய அட்டவணைக்கு ஜிபிடி என்று பெயர். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, டிஸ்க்கு உள்ளயும் ஏஐ வந்துடுச்சா?" என்றான். இது வேறு ஜிபிடி தம்பி. பழைய பயாஸில் ஜிபிடி அட்டவணை போட்டால், பூட் செய்யும் கிரப் நிரலுக்கென்று ஃபார்மட் செய்யாத 1 எம்பி துண்டு ஒன்று தனியாக வேண்டும். அதை விட்டுவிட்டால், எல்லாம் போட்டு முடிந்தபிறகு கிரப் நிறுவும் கட்டத்தில் பிழை காட்டும்.

ரூட்: இதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

ஹோம்: உங்கள் படம், பாட்டு, ஆவணம், பிரவுசர் அமைப்பு எல்லாம் இங்கே. இதைத் தனிப் பாகமாக வைத்தால் ஒரு பெரிய சௌகரியம். நாளைக்கு லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமைத் தொடாமல் விடலாம். அதே பயனர் பெயரைக் கொடுத்தால் உள்ளே நுழைந்ததும் டெஸ்க்டாப் பின்னணிப் படம்கூட அப்படியே இருக்கும். இது பேக்கப் என்று மட்டும் நினைக்காதீர்கள். டிஸ்க் செத்தால் இரண்டு பாகமும் சேர்ந்தேதான் சாகும்.

ஸ்வாப்: ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடம். பழைய புத்தகங்களில் ரேமைப் போல் இரண்டு மடங்கு என்று எழுதியிருக்கும். ரேம் 256 எம்பியாக இருந்த காலத்துக் கணக்கு அது, 16 ஜிபி ரேமுக்கு 32 ஜிபி ஸ்வாப் போடுவது வீண். 4 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி, 8 ஜிபி ரேமுக்கு 4 முதல் 8 ஜிபி, அதற்கு மேல் ரேம் இருந்தால் 4 ஜிபியே போதும். ஒரே விதிவிலக்கு ஹைபர்னேட். வேலையை அப்படியே உறைய வைத்து மின்சாரத்தை முழுக்க நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமென்றால் ரேமின் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஸ்வாப் வேண்டும். உபுண்டுவில் 17.04-இலிருந்து புதிதாக நிறுவும்போது தனிப் பாகத்துக்குப் பதிலாக ரூட்டுக்குள் ஒரு ஸ்வாப் ஃபைல் வைத்துக்கொள்கிறது. அளவைப் பின்னால் எளிதாக மாற்றலாம் என்பதால் ஹைபர்னேட் வேண்டாதவர்களுக்கு நான் ஃபைலையே சொல்வேன். ரூட்டின் அளவில் அதையும் சேர்த்துக் கணக்குப் போட மறக்காதீர்கள்.

டிஸ்கை முழுவதும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவதானால் பூட் என்று இன்னொரு பாகம், 1 ஜிபிக்குக் குறையாமல் வேண்டும். நிறுவும் நிரலில் அந்த வசதியைத் தேர்ந்தெடுத்தால் அதுவே போட்டுவிடும்.

ரூட்டுக்கு எவ்வளவு

கடை தொடங்கிய புதிதில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். சர்வர் நடத்துகிறவர்களுக்காக எழுதிய ஒரு பழைய வழிகாட்டியைப் படித்துவிட்டு, என் சொந்தக் கம்ப்யூட்டரில் ஏழு பாகம் போட்டேன். வார், டெம்ப், யூஎஸ்ஆர் என்று ரூட்டுக்குள் இருக்கும் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் தனி வரப்பு. ரூட்டுக்கு 10 ஜிபி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு மாதத்தில் ஒரு நாள் அப்டேட் பாதியில் நின்றது. மறுநாள் லாகின் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு நொடி கருத்துவிட்டு மறுபடியும் அதே லாகின் திரை. பாஸ்வேர்டை மறந்துவிட்டேனா, கீபோர்டு கெட்டுவிட்டதா என்று அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் ரூட்டில் ஒரு எம்பிகூட மிச்சமில்லை. பக்கத்துப் பாகமான ஹோமில் 300 ஜிபி சும்மா கிடந்தது.

ரூட்டில் இவ்வளவு எங்கே போகிறது? புதிதாகப் போட்ட உபுண்டுவோ மின்ட்டோ 10 முதல் 15 ஜிபி வரைதான் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு 20 கொடுத்தால் தாராளம் என்று தோன்றும். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபிளாட்பேக் என்ற முறையில் போடும் செயலிகள் ரூட்டில்தான் இறங்கும், கூடவே அவை ஓடத் தேவையான ரன்டைம்களையும் இழுத்துக்கொண்டு வரும். செயலி போட உபுண்டு வைத்திருக்கும் ஸ்னாப் என்ற முறை, ஒவ்வொரு செயலிக்கும் பழைய பதிப்பு ஒன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அப்டேட்டுக்காக இறக்கிய பொட்டலங்கள், லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகள், கணினி எழுதும் நாட்குறிப்பான ஜர்னல் எல்லாம் அங்கேதான். ஜர்னல் மட்டும், தானாக விட்டால், 4 ஜிபி வரை வளர இடம் உண்டு. மின்ட் போட்டால், கணினியின் மென்பொருளை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கச் சொல்லும், நல்ல கருவிதான், நானும் சொல்வேன். ஆனால் அது எடுக்கும் முதல் நகல் கிட்டத்தட்ட உங்கள் கணினியின் மென்பொருள் முழுவதன் அளவுக்கு இருக்கும், நீங்கள் வேறு இடம் சொல்லாவிட்டால் அதுவும் ரூட்டிலேயே உட்காரும். 15 ஜிபி இருந்தது ஒரே இரவில் 30 ஆவது இப்படித்தான். செயலிகளைத் தனித்தனிப் பொதியாக ஓட்டும் டாக்கர் என்ற கருவியைப் பழகும் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அதன் சரக்கு முழுவதும் ரூட்டுக்குள் வார் என்ற ஃபோல்டரில்தான் குவியும்.

உபுண்டு டெஸ்க்டாப் குறைந்தது 25 ஜிபி கேட்கிறது. மின்ட்டின் தேவைப் பட்டியலில் குறைந்தது 20, வசதியாக இருக்க 100 என்று இருக்கிறது. இந்த 20-க்கும் 100-க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. என் கணக்கு இது: பள்ளிப் பாடம், இன்டர்நெட், லிப்ரே ஆஃபீஸ் மட்டும் என்றால் 50 ஜிபி. டைம்ஷிஃப்ட், ஃபிளாட்பேக் எல்லாம் பயன்படுத்தினால் 70. டாக்கர், புரோகிராமிங், வீடியோ எடிட்டிங் என்றால் 100. இதற்குக் கீழே போகச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், அது எந்த வருடம் எழுதியது என்று பாருங்கள்.

பிரிக்காமலே இருக்கலாமா?

வண்ணாமடையிலிருந்து ஒரு தோப்புக்கார அண்ணன் வருவார். இளநீர் லோடு கணக்கு எழுதத்தான் கம்ப்யூட்டர். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க தம்பி, எல்லாத்தையும் ஒண்ணாவே உட்டுட்டா என்னங்க?" என்றார்.

"தாராளமா உடலாமுங்கண்ணா."

உண்மையில் 120 ஜிபி, 128 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பெட்டி என்றால் நான் ஹோமைத் தனியாகப் பிரிப்பதே இல்லை. கையில் இருப்பது 112 அல்லது 119 ஜிபி. அதை இரண்டாக வெட்டினால் ஒரு பக்கம் இடமில்லாமல் திணறும், இன்னொரு பக்கம் சும்மா கிடக்கும். ஈஎஃப்ஐக்கு 1 ஜிபி, மீதி முழுவதும் ரூட், உள்ளே 4 ஜிபி ஸ்வாப் ஃபைல். முடிந்தது. மறுபடியும் புதிதாகப் போடும்போது ஹோமை ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த அளவுக்கு அது பத்து நிமிட வேலை.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. 2020-இல் வந்த ஃபெடோரா 33-இலிருந்து அதன் டெஸ்க்டாப் பதிப்புகள் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போடுகின்றன. அதில் ரூட்டும் ஹோமும் பெயரளவில் தனித்தனி, இடம் மட்டும் பொது. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் வைத்தது மாதிரி. நிறுவும் நிரல் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்று பெட்டிகள்

மற்றவர்களுக்கு, கடையில் அடிக்கடி வரும் மூன்று வகைக்கு நான் போட்டுக்கொடுக்கும் அளவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பள்ளிப் பிள்ளையின் வீட்டு டெஸ்க்டாப். 240 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், லினக்ஸ் மட்டும். ஈஎஃப்ஐ 1, ரூட் 70, ஸ்வாப் 4, மீதி 148 ஹோம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒரு டிபி டிஸ்க் உள்ள லேப்டாப், விண்டோஸும் வேண்டும் லினக்ஸும் வேண்டும். இங்கே பாகம் பிரிப்பதை விண்டோஸிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பேக்கப். பிறகு டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்களில் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் ஓர் அடிகூட நகராதீர்கள். பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்க வாய்ப்பு உண்டு. அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பாகத்தில் எழுத முடியாது. அப்புறம் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். விண்டோஸ் பாகத்தைச் சுருக்க விண்டோஸின் கருவியே நல்லது. 400 ஜிபி காலி இருந்தும் 50-க்கு மேல் சுருங்க மறுத்தால், நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஹைபர்னேட் ஃபைலோ பேஜ் ஃபைலோ. இரண்டையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் முயலுங்கள்.

931-இல் விண்டோஸ் பக்கத்துக்கு 430 வைத்துக்கொண்டால் லினக்ஸுக்கு 500 வரும். ரூட் 100, அதையடுத்து 40 காலியாக, ஹோம் 200, ஹைபர்னேட் தேவையென்றால் ரேம் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஸ்வாப், மீதியில் இரண்டு பேரும் படிக்கவும் எழுதவும் ஓர் என்டிஎஃப்எஸ் பாகம். கல்யாணப் படம், பாட்டு, சினிமா எல்லாம் அந்தப் பொதுப் பாகத்தில் போகட்டும். விண்டோஸ் தானாக லினக்ஸின் வடிவமான ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்காது, லினக்ஸ் விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸை நன்றாகவே படிக்கும். அந்தக் காலி 40 எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, கல்யாண வீடியோ எடுப்பவரின் பெட்டி. 240 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், கூடவே ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். வேகமான எஸ்எஸ்டியில் ஈஎஃப்ஐ 1, ரூட் 100, ஸ்வாப் 4, ஹோம் 118. பெரிய டிஸ்கைப் பிரிக்கவே வேண்டாம், முழுவதும் ஒரே ஈஎக்ஸ்டி4, டேட்டா என்ற பெயரில் ஒட்டிவிடுங்கள். முதலில் அதில் எழுத விடாது. உண்டாக்கும்போது அதன் உரிமையாளர் ரூட் என்று இருக்கும் (இங்கே ரூட் என்பது பாகம் இல்லை, நிர்வாகிப் பயனரின் பெயர்), உங்கள் பயனர் பெயருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இன்னொன்று: ஈஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். ரூட் பாகத்தில் அது நல்லது, நிரம்பினாலும் மீட்க வழி இருக்கும். ஆனால் 931 ஜிபி டேட்டா டிஸ்கில் 5 சதவீதம் என்றால் 46 ஜிபி சும்மா முடங்குகிறது. டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம், டேட்டா ஒன்றும் அழியாது. வீடியோக்காரருக்கு 37 ஜிபி திரும்பக் கிடைப்பது லேசான விஷயமா?

நிறுவும் நாள்

தாளில் அளவுகள் தயாராக இருந்தால் இந்தப் பகுதி வேகமாகப் போகும். பென்டிரைவிலிருந்து எழுந்ததும் உடனே இன்ஸ்டாலை அழுத்த வேண்டாம். நிறுவாமலே இயங்கும் அந்த லைவ் டெஸ்க்டாப்பில் ஜிபார்ட்டெட் கருவியைத் திறந்து, எந்த டிஸ்க் எது என்று அளவை வைத்து அடையாளம் பாருங்கள். பென்டிரைவும் அந்தப் பட்டியலில் ஒரு டிஸ்காகத்தான் தெரியும். வெளி டிஸ்க் செருகியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். தவறான டிஸ்கை அழித்தவர்களில் பாதிப் பேர் அதைச் செருகியே வைத்திருந்தவர்கள்தான்.

இன்ஸ்டால் தொடங்கி, பாகம் பிரிக்கும் திரை வந்ததும் உபுண்டுவில் மேனுவல் இன்ஸ்டலேஷன், மின்ட்டில் சம்திங் எல்ஸ். காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஈஎஃப்ஐ, ரூட், அப்புறம் ஹோம் என்ற வரிசையில் உண்டாக்குங்கள். ரூட்டுக்கும் ஹோமுக்கும் வகை ஈஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்ட்டை மறக்காதீர்கள். அளவை எம்பியில் கேட்டால் ஜிபியை 1024-ஆல் பெருக்குங்கள்: 70 ஜிபி என்றால் 71680. பழைய ஹோம் இருந்தால் அதற்கு மவுன்ட் பாயின்ட் மட்டும் கொடுத்து, ஃபார்மட் கட்டத்தில் டிக் இல்லையா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். கடைசியாக, எந்தெந்தப் பாகம் அழியப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அதுவரை டிஸ்கில் ஒன்றும் நடந்திருக்காது. அதை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

போதாமல் போனால்

எவ்வளவு யோசித்துப் போட்டாலும் இரண்டு வருடத்தில் ஒரு பக்கம் நெருக்கும். ரூட் நிரம்பினால் முதலில் துப்புரவு: டைம்ஷிஃப்ட்டில் பழைய நகல்களை நீக்குங்கள், இறக்கி வைத்த பொட்டலங்களைக் காலி செய்யுங்கள், டிஸ்க் யூசேஜ் அனலைசரைத் திறந்து எது பெருத்திருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பெட்டிகளுக்கு இதுவே போதும்.

போதாவிட்டால்தான் அந்தக் காலி 40 ஜிபி. ரூட்டுக்கு அடுத்து வலப்பக்கம் இடம் இருந்தால் ஜிபார்ட்டெட்டில் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டால் போதும், சில நிமிடத்தில் ரூட் பெரிதாகிவிடும். காலி இடம் இல்லாவிட்டால் கதை வேறு. ஹோமை இடப்பக்கத்திலிருந்து சுருக்க வேண்டும். அதாவது அதன் தொடக்கமே நகர வேண்டும், உள்ளே இருக்கும் டேட்டா முழுவதும் டிஸ்கில் ஒவ்வொரு துண்டாக இடம் மாற வேண்டும். 300 ஜிபி ஹார்ட் டிஸ்கில் பல மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தக் கூடாது.

இதை நான் ஓர் ஆடி மாதத்தில் செய்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தென்னை மட்டை பறந்து வந்து கம்பியில் விழும், கரண்ட் போகும், வரும், மறுபடியும் போகும். அன்றைக்கு யூபிஎஸ் பேட்டரி செத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பாகம் பாதி தூரம் நகர்ந்திருந்தபோது திரை அணைந்தது. தங்கச்சி வளைகாப்புப் படங்களில் பாதி அதோடு போயிற்று. மீதியை உறவினர்களின் போன்களிலிருந்து கேட்டு வாங்கினேன். இன்னும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள். ஆகவே பாகத்தை நகர்த்தும் வேலையை லேப்டாப்பில் முழு சார்ஜும் சார்ஜரும் சேர்த்து, டெஸ்க்டாப்பில் நல்ல யூபிஎஸ் வைத்து, பேக்கப் எடுத்த பிறகு மட்டும் தொடுங்கள். சுருக்கும் வேலை எப்போதும் லைவ் பென்டிரைவிலிருந்துதான், ஓடிக்கொண்டிருக்கும் ஈஎக்ஸ்டி4 பாகத்தை வளர்க்கலாம், சுருக்க முடியாது. எக்ஸ்எஃப்எஸ் வடிவம் போட்டிருந்தால் சுருக்கும் பேச்சையே விட்டுவிடுங்கள், அதற்கு அந்த வசதி கிடையாது.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு எல்விஎம் என்று ஒரு வழி உண்டு. டிஸ்கை ஒரு பெரிய குளமாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு. காலி இடம் எங்கே இருந்தாலும் ரூட்டுக்குச் சேர்க்கலாம், பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அதில் ஏதாவது கெட்டால் முதல் முறை லினக்ஸ் போடுபவரால் தனியாகச் சமாளிப்பது சிரமம். அதனால் நான் கடையில் அதைப் போடுவதில்லை. ஆறு மாதம் லினக்ஸில் பழகிய பிறகு, இரண்டாவது முறை போடும்போது பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் நான் செய்யும் கடைசி வேலை ஒன்று உண்டு. எந்தப் பாகம் எவ்வளவு, எது எங்கே ஒட்டியிருக்கிறது, எவ்வளவு காலியாக விட்டிருக்கிறேன், எந்தத் தேதியில் போட்டேன் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி, சிபியு பெட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். லேப்டாப் என்றால் சார்ஜர் பைக்குள். மூன்று வருடம் கழித்து அதே பெட்டி கடைக்கு வரும்போது வீட்டுக்காரருக்கு ஒன்றும் நினைவிருக்காது, எனக்கும் இருக்காது. சீட்டு மஞ்சளடித்துப் போயிருக்கும், எழுத்து தெரியும்.